ஏலகிரியில் நான் மேல்நோக்கி இறங்கியது

எனக்கு மலை மேல் ஆசை பிறந்தது கடல் மட்டத்தில், ஒரு மாநகரப் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில். எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒன்று, பக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும் இன்னொன்று. (அந்தச் சாலையில் மாட்டிக்கொண்டால் அஞ்சல் வழியில் ஒரு பட்டமே வாங்கிவிடலாம்.) கைப்பேசியில் யாரோ ஒரு பெண் செங்குத்தான பாறையில் கால் பதித்து, கயிற்றைப் பிடித்தபடி, மாடிப்படி இறங்குவதுபோல நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு லாரியும் இல்லை. இதுதான் என் வாழ்க்கை என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. இதற்கு முன் கிடார், ஜப்பானிய மொழி, மாடித் தோட்டம் ஆகியவையும் என் வாழ்க்கையாக இருந்ததுண்டு. ஆனால் இது வேறு.

பேருந்து தேரடியைத் தாண்டுவதற்குள் இமயமலையில் நடக்கும் ஒரு மாத மலையேற்றப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். இடமும் கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகுதான் நைனாவைக் கேட்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

நைனா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர். அதைவிட முக்கியம், வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கின் கயிறு இழுக்கும் அணிக்கு அவர்தான் கேப்டன். பெண்கள் அணியில் நான் கடைசி ஆள். கடைசி ஆள் என்பது நங்கூரம். கயிற்றை முன்கையில் சுற்றி, அக்குளில் இடுக்கி, குதிகாலை ஊன்றிச் சாய்ந்துவிட வேண்டும். ஊரே இழுத்தாலும் அசையக் கூடாது. பொங்கலுக்குப் பொங்கல் நைனா என் காதருகே குனிந்து சொல்வது ஒரே வார்த்தைதான்: “வுடாத.”

இமயமலை என்றதும் அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

“கயித்துல தொங்குவியா?”

“தொங்க மாட்டேன் நைனா, எறங்குவேன். எல்லாம் சேஃப்டி.”

“சேஃப்டின்னு என் வண்டி பின்னாடிகூடதான் எழுதிக்கீது.” தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். “என் கண்ணால பாக்கணும். எதுனா ஒரு மலையில எறங்கிக் காட்டு. அப்பாலிக்கா சொல்றேன்.”

ஆக, அந்த வார இறுதியில் ஏலகிரிக்குப் போனது மூன்று உருப்படிகள்: நான், நைனா, அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம். ஒரு மாத இமயமலை அந்த ஒரு பாறையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சியாளர் பெயர் தினகர். பொறுமையான இளைஞர். இடுப்புப் பட்டையில் ஓர் இரும்பு வளையம். அதன் வழியாகக் கயிறு. வலது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து, கயிறு வழுக்கிப் போகுமளவு மட்டும் பிடிக்க வேண்டும். இறுக்கினால் நின்றுவிடுவோம். இன்னொரு கயிறு காப்புக்கு. அதைப் பாறை உச்சியில் அவரே பிடித்திருப்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தலையாட்டி முடித்திருந்தேன். ஒரு முடிச்சைப் பற்றி அவருக்குத் திருத்தம்கூடச் சொன்னேன். (தவறான திருத்தம்.)

பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாய்ந்தேன். இரண்டு ஆள் உயரம் ஒழுங்காகத்தான் இறங்கினேன். பிறகு இடது கால் பாறையில் வழுக்கியது. அதற்கு மேல் நடந்ததில் என் மூளைக்குப் பங்கில்லை. கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கயிற்றை முன்கையில் மளமளவென்று சுற்றியது, அக்குளில் இடுக்கியது. குதிகால் பாறையில் ஊன்றிக்கொண்டது. தரையே இல்லாத இடத்தில் நங்கூரம் பாய்ச்சி நின்றேன்.

“யசோ மேடம், கயித்த லூஸ் பண்ணுங்க,” என்றார் தினகர் மேலிருந்து. கீழே நின்ற அவருடைய கூட்டாளியும் அதையேதான் சொன்னார். அப்போது மேலே தினகருக்குப் பக்கத்திலிருந்து மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது.

“வுடாத பாப்பா.”

“சார், அவங்க விட்டாத்தான் எறங்க முடியும்.”

“இன்னாப்பா பேசுற? வுட்டா வுழுந்துட மாட்டா?”

“விழ மாட்டாங்க சார். அதுக்குத்தான் இந்த இன்னொரு கயிறு.”

தினகர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இன்னொரு கயிறு இருப்பதையே நைனா அதுவரை கவனிக்கவில்லை.

தங்கள் முறைக்காக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக் கூட்டம் மேலே காத்திருந்தது. அவர்களை அந்தக் காப்புக் கயிற்றில் வரிசைப்படுத்த நைனாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. “குண்டா கீறவரு பின்னாடி வா தோஸ்து. குதிகால ஊனு. நான் சொன்னப்பால இழு.” தினகர் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அடுத்த கணம் நான் மேல்நோக்கி நகர ஆரம்பித்தேன்.

முழங்கால், முழங்கை, மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பாறைக்கு அறிமுகம் செய்துகொண்டே, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். சாஃப்ட்வேர் கூட்டம் கைதட்டியது. நைனா இரண்டு கைகளையும் தூக்கி, “நம்ம பிளாக்குடா,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கையைத் தொங்கப் போட்டார்.

என் முன்கையில் கயிறு முறுக்குப் பிழிந்து வைத்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உன் கொரல் கேட்டா என் கை வுடாது நைனா. நீ டீக்கடையாண்ட போய் இரு.”

“அப்ப நான் எப்பிடி பாக்குறது?”

அவர் பார்ப்பதற்காகத்தானே வந்தோம். ஆனாலும் நைனா டீக்கடைக்கு நடந்து, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

தினகர் பாடத்தை முதலிலிருந்து சொன்னார். இந்த முறை முழுவதும் கேட்டேன். சாய்ந்தேன். விரல்களைத் தளர்த்தினேன். கயிறு சூடாக உள்ளங்கையில் ஓடியது. நடுவில் ஒருமுறை சுழன்று பாறையில் முட்டினேன், ஒரு செடியிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் இறங்கினேன். கால் தரையில் பட்டபோது வியாசர்பாடி முழுவதும் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்தது தினகரின் கூட்டாளி மட்டும். அவர் கடலை தின்றுகொண்டிருந்தார்.

“எறங்குனியா?” என்றார் நைனா.

“எறங்குனேன்.”

“நான் பாக்கல.”

“தெரியும்.”

திரும்பும் ரயிலில் வாதாடுவதற்கு நான் நிறையத் தயாரித்து வைத்திருந்தேன்; அவர் எதையும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அரக்கோணம் கடந்தது.

“நான் பாத்துக்கினு இருந்தா உனுக்கு எறங்க வராது. அதானே?”

“ஆமா நைனா.”

இன்னும் சில ஸ்டேஷன்கள் போயின.

“அப்ப நீ கெளம்புற அன்னிக்கு நான் சென்ட்ரலுக்கு வரல. உங்கம்மா வருவா.”

அது அனுமதி என்று புரிவதற்கு எனக்குப் பெரம்பூர் வரை ஆனது.

பிளாக்கில் இந்தக் கதை வேறு மாதிரி உலவுகிறது. அதில் நான் பள்ளத்தில் பாதி தூரம் விழுந்துவிட்டேன். நைனா ஒற்றை ஆளாக இழுத்து எடுத்தார். இப்போதும் யாராவது கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் மூச்சு வாங்கினால், “யசோவ கூப்பிடு, அவ மேலுக்கா எறங்குவா,” என்கிறார்கள். நான் மறுப்பதில்லை. முழங்கையில் அத்தாட்சி இருக்கிறது.

அடுத்த மாதம் ரயில். முதல் வாரம் என்ன கற்றுத் தருவார்கள் என்று கேட்டு வைத்திருக்கிறேன். பனிச்சரிவில் வேண்டுமென்றே தலைகுப்புற விழுந்து சறுக்க வேண்டுமாம்; பிறகு கைக்கோடாரியால் குத்தி நிற்க வேண்டுமாம். நிற்பதை அங்கே சொல்லித் தருவார்கள். விழுவதற்கு நான் தயார்.