காருக்கு ஒரு பனியன்

ஏ.சி. காரில் போகிறவர்கள் ஒரு ரகம், ஏ.சி. கார் வைத்திருப்பவர்கள் வேறு ரகம். முதல் ரகத்துக்கு வியர்க்காது. நான் சொல்ல வந்தது இரண்டாவது ரகத்தைப் பற்றி.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சித்திரை வெயிலில் அவிநாசி ரோட்டில் நூல் லாரிக்குப் பின்னால் நிற்கிற பழைய அம்பாசிடரைப் பாருங்கள். நான்கு கண்ணாடியும் ஏற்றியிருக்கும். உள்ளே இருக்கிற நாலு பேர் ஆவியில் வெந்துகொண்டிருப்பார்கள். ஓட்டுகிறவர் மட்டும் தெருவைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருப்பார். அவர்தான்!

அவருக்கென்று சில மந்திரங்கள் உண்டு. ஏறி உட்கார்ந்ததும், "இப்பப் புடிச்சுக்குமுங்க." நல்லூர் தாண்டியதும், "ஹைவே ஏறட்டுங்க, அப்பறம் பாருங்க." ஹைவே ஏறியதும், "நேத்து நீங்க வந்திருக்கோணும், சம்சாரம் போர்வை கேட்டாளுங்க!" யாராவது துணிந்து கண்ணாடியின் கைப்பிடியைத் தொட்டால் பதறிப்போவார். "எறக்கீராதீங்க, உள்ள இருக்கற குளுரு அத்தனையும் வெளிய போயிரும்!" எந்தக் குளிர்? அதைக் கேட்கிற அளவுக்கு நம் ஊர்க்காரர்களுக்கு மரியாதை குறைந்துவிடவில்லை.

எங்கள் நஞ்சப்பன் இந்த ரகத்தின் திலகம். திருப்பூர் நல்லூரில் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட் வைத்திருந்தார். தொண்ணூற்றிரண்டில், மூன்று கை மாறிய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, அதற்கு ஏ.சி.யும் போட்டுக்கொண்டார். போட்டுக் கொடுத்த மெக்கானிக் ராஜா முகமது ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னார். "ஏனுங்க, உங்க யூனிட்ல பறக்கற பஞ்சு முன்னால ரேடியேட்டர்கிட்ட இருக்கற ஏ.சி. காயில்ல அடைஞ்சா ஏ.சி. வேலை செய்யாதுங்க. பஞ்சு போகாம பாத்துக்கங்க."

நஞ்சப்பன் பார்த்துக்கொண்டார். தன் யூனிட்டிலேயே ஓடிய கெட்டியான துணியில், காரின் முகத்துக்கு அளவெடுத்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, ஒரு பனியன் தைத்து மாட்டிவிட்டார்! வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை துவைத்து, நீலம் போட்டு, மறுபடியும் மாட்டுவார். காருக்குப் பனியன் போட்ட மனிதரை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்?

அன்றிலிருந்து ஏ.சி. குளிரவில்லை. நஞ்சப்பன் வாரம் தவறாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். போகும்போது, அழுக்காகிவிடுமே என்று பனியனைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவார். அங்கே ஏ.சி. ஊட்டியாகக் குளிரும். ராஜா முகமது கையை விரிப்பார். "டாக்டரைக் கண்டா காய்ச்சல் போயிருதுங்க" என்று நஞ்சப்பன் பெருமூச்சு விட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்து, பனியனை மாட்டிவிடுவார்.

இப்படியே போயிருந்தால் நமக்கென்ன? ஆனால் அந்த மே மாதம் ஜெர்மனியிலிருந்து பனியன் கொள்முதல் செய்ய ஒரு பையர் வந்தார். அதுவரை அடுத்தவர் கம்பெனிக்குக் கூலிக்குத் துணி ஓட்டிக்கொண்டிருந்த நஞ்சப்பனுக்கு, நேரடியாக ஆர்டர் கிடைக்கக்கூடிய முதல் வாய்ப்பு. கிடைத்தால் எக்ஸ்போர்ட்டர்; நழுவினால் பழையபடி கூலிதான். மூன்று நாளாக அவர் தூங்கவில்லை. இங்கிலீஷ் பேச என்னைக் கூட்டிக்கொண்டு பீளமேடு ஏர்போர்ட்டுக்குப் போனார்.

பையர் ஆறடி ஆள், கோட்டு, டை. கார் கிளம்பியது. "சில்லுன்னு இருக்குதுங்களான்னு கேளுங்க" என்றார் நஞ்சப்பன். கேட்டேன். "வெரி நைஸ்" என்றார் அந்தப் புண்ணியவான். பத்து நிமிஷத்தில் டை போயிற்று. அப்புறம் கோட்டு. கருமத்தம்பட்டியில் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவிநாசி வருவதற்குள் சட்டையே கழன்றுவிட்டது. அந்தச் சமயம் பார்த்து எஞ்சினும் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது.

புளியமரத்தடியில் இறங்கினோம். பையரின் உடம்பில் மிஞ்சியிருந்தது நனைந்த உள்பனியன் ஒன்றுதான். நஞ்சப்பன் ரேடியேட்டரை மறந்தார். நேரே போய்ப் பையரின் பனியனை இரண்டு விரலால் பிடித்து, இழுத்து, விட்டுப் பார்த்தார்.

"ரிப் துணிங்க! நம்ம மிஷின்ல இதைவிட நல்லா ஓட்டலாமுங்க. கேளுங்க, கேளுங்க!"

கேட்டேன். பையருக்கு ஒன்றே ஒன்றுதான் குறி: மறுபடியும் காரில் ஏறக் கூடாது. அதனால் நின்ற இடத்திலேயே பேசினார். நூலைப் பற்றிக் கேட்டார், சாயம் கேட்டார், துவைத்தால் சுருங்குமா என்று மூன்று தடவை கேட்டார். மரத்தடிக் காற்றில் முகம் தெளியத் தெளியக் கேள்விகளும் வளர்ந்தன. கடைசியில் சாம்பிள் ஆர்டரையே கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு, வந்துகொண்டிருந்த திருப்பூர் பஸ்ஸுக்குக் கையைக் காட்டி, பெட்டியோடு ஏறி, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய்விட்டார்! காற்று முகத்தில் அடிக்க, அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன்.

"எத்தனை எளிமையான மனுசன் பாருங்க" என்று நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் ஏ.சி. செஞ்ச வேலைங்க. குளுகுளுன்னு வந்ததுலதான் மனசு எறங்கீருச்சு."

தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் காரின் முன்பக்கத்தை நான் சரியாகப் பார்த்தேன்.

"என்னங்க இது?"

"பஞ்சு உள்ள போகாம இருக்கறதுக்குங்க."

"காத்து?"

"காத்துங்கூடப் போகாதுங்க!" என்றார் பெருமையாக. "அத்தனை கெட்டி நிட்டிங்!"

ஆர்டர் வந்த சந்தோஷத்தில் மறுவாரமே காருக்கு டபுள் துணியில் இன்னொரு பனியன் தைத்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது, சிரியுங்கள். உங்களிடமும் ஒரு கார் இருக்கலாம், அதில் ஏ.சி.யும் இருக்கலாம், ஏறினவர்கள் எல்லோரும் "ஜில்லுன்னு இருக்குதுங்க" என்று சொல்லியும் இருக்கலாம். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஒரு தடவை உங்களோடு வந்தவர்கள், அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "நீங்க முன்னால போங்க, நான் பஸ்ஸுல வந்தர்றேன்" என்கிறார்களா? உங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்கிற நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.