துளைச் சுவர் வீட்டில் மார்கழி

நூம்பல்,
மார்கழிக் கடைசி.

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்ரீநாத்துக்கு,

உன் தாய்மாமன் நாகப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். உன் அத்தை முத்தம்மாளும் சௌக்கியம். ஆனால் இங்கே இல்லை, எதிர்வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். நீயும் உன் மனைவி ஷர்மிளாவும், நீ கட்டிக்கொடுத்த மற்ற வீடுகளில் அகப்பட்டிருக்கும் குடும்பங்களும் நலமாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "மாமா, அது மைக்ரோ கிளைமேட்" என்று சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கிட முடியாது.

விஷயம் இதுதான். சாயங்காலம் விளக்கு வைத்ததும் உன் அத்தை தலையணையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கெங்கம்மாள் வீட்டுக்குத் தூங்கப் போகிறாள். வெயில் ஏறிய பிறகு வருகிறாள், சமைக்கிறாள், மறுபடியும் விளக்கு, மறுபடியும் தலையணை. தெருவே பார்க்கிறது. சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குக்கூடப் போகாதவள், சண்டையே இல்லாமல் எதிர்வீட்டுக்குப் போகிறாள். காரணம் நீ கட்டிக்கொடுத்த வீடு. அவள் திரும்பி வர வேண்டும். அதற்கு நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டாய்.

மேனாம்பேட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் கோடையில் சுவரைத் தொட்டால் தோசைக்கல் என்று உன்னிடம் புலம்பியது உண்மைதான். கத்திரி வெயிலில் வெந்துகொண்டிருப்பவர்களிடம் வீடு எப்படி வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "குளுகுளுன்னு இருக்கணும்" என்றோம். சித்திரையில் கேட்டாய், சித்திரையில் சொன்னோம். மார்கழியில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? உன்னைச் சொல்லியும் குற்றமில்லை. நீயும் இந்த ஊர்ப்பிள்ளை. குளிர்காலம் என்று ஒன்று இருப்பதாக இந்தப் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. அது வருஷா வருஷம் வருகிறது, நாம் வருஷா வருஷம் "என்ன, இந்த வருஷம் இப்படிக் குளிருது" என்று ஆச்சரியப்படுகிறோம், தை பிறந்ததும் மறந்துவிடுகிறோம். அந்த மறதியின் மேல்தான் நீ அஸ்திவாரம் போட்டாய்.

தெருப்பக்கத்திலும் வடக்குப் பக்கத்திலும் சுவர் வைக்காமல், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கித் துளைச் சுவர் வைத்தாய். தனியாகச் சன்னலே தேவையில்லை என்றாய். கூரைக்குக் கீழே சுற்றிலும் சூடு வெளியே போக வழி விட்டாய். தளத்தின் மேல் வெள்ளை ஓடு ஒட்டி, சூரியன் தப்பித்தவறி வந்தாலும் அப்படியே திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தாய். பக்கத்து மனைகளில் இன்னும் யாரும் வீடு கட்டவில்லை. முள்செடியும் காற்றும் மட்டுமே குடியிருக்கின்றன. அந்தக் காற்று எங்கள் வீட்டுக்குத்தான் வந்து போகிறது. கிரகப்பிரவேசத்தன்று வாசலில் நின்று, "மாமா, இது சுவாசிக்கும் வீடு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னாய். வீடு நன்றாகவே சுவாசிக்கிறது. உன் அத்தைக்குத்தான் முடியவில்லை.

அவளுக்குப் பனிக்காற்று பட்டால் இழுப்பு வரும் என்பது உனக்குத் தெரியும். மார்கழி பிறந்த சில நாளில், விடியற்காலை எழுந்து உட்கார்ந்தவள் என்னவோ சொல்ல வந்தாள், பாதி வார்த்தைக்கு மேல் வரவில்லை. உதடு நிறம் மாறிவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை பிடிக்கச் செய்து ஆளை மீட்டார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "குளிர்காத்து நேரா மேல படக்கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா கஷ்டம். சன்னலை எல்லாம் சாத்தி வைங்க" என்றார். எந்தச் சன்னலை என்று விளக்கச் செல்போனில் வீட்டின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கே! யார் சார் ஆர்க்கிடெக்ட்? நம்பர் குடுங்க" என்றார். கொடுத்திருக்கிறேன். கூப்பிடுவார்.

அன்று மாலையே பூந்தமல்லியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். "இன்னா சார், கீஸரா?" என்றார் விற்பனையாளர். ரூம் ஹீட்டர் என்றேன். "ரூமுக்கா? ஏசி கேட்டு அடிச்சிக்கினவங்கள பாத்துகீறேன். ரூமை சூடு பண்ணணும்னு மெட்ராஸ்ல வந்த மொத ஆளு நீதான் சார். ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்கோ, ஆண்டவனே ஃப்ரீயா குடுப்பாரு" என்று சொல்லி, மற்ற ஊழியர்களையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். கடைசியில் கிடங்கிலிருந்து ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். அதைக் கூடத்தில் வைத்துப் போட்டேன். பாதிச் சூடு நீ மேலே விட்ட வழியாக மரியாதையாக எழுந்து போயிற்று. மீதி துளைச் சுவர் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. காலையில் பார்த்தால் தெருநாய்கள் எல்லாம் சுவரின் வெளிப்பக்கம் முதுகை ஒட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கின்றன. உள்ளே நாங்கள் போர்வைக்குள் நடுங்குகிறோம், வெளியே அவை காலை நீட்டிக் கொட்டாவி விடுகின்றன. ஹீட்டர் போடாத அன்று குரைத்துக் கேட்டன.

உன் தம்பி கிரண் கனடாவிலிருந்து பேசினான். எங்கள் ஊரில் எத்தனை டிகிரி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "மாமா, அந்தக் குளிருக்கு நாங்க அரை டிராயர் போட்டுட்டு வெளியே சுத்துவோம்" என்று சிரித்தான். சிரிக்கட்டும். அவன் ஊரில் குளிர் வாசலோடு நின்றுவிடுகிறது. எங்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே குடித்தனம் வந்துவிட்டது.

அதன்பிறகு நான் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி மூட்டிக் கூடத்தில் வைத்தேன். அன்றைக்கென்று பார்த்துக் காற்று நின்றுவிட்டது. வருஷம் முழுதும் சுவாசிக்கும் வீடு அன்று மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு துளையிலிருந்தும் சாவகாசமாகப் புகை எட்டிப் பார்த்தது. அதைக் கண்டு எதிர்வீட்டுக் கெங்கம்மாள், "அண்ணாத்தே! ஊடு பத்திக்கினு எரியுது!" என்று கத்திக்கொண்டு வாளியோடு ஓடிவந்து, துளை வழியாகவே தண்ணீரை வீசினாள். கரி அணைந்தது. நானும் அணைந்தேன். வாசற்படியில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் அத்தையைப் பார்த்ததும் கெங்கம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இன்னா நைனா இது? வாழத்தாருக்கு பொகை போடறா மாதிரி பொண்டாட்டிக்கு பொகை போட்டுகினு கீறே? பழுத்துடுவாங்கன்னா? நீ எயிந்து வாக்கா. நம்ம ஊட்ல வந்து படு. நம்மூட்டுக்குள்ள காத்துன்னு ஒண்ணு வந்ததே கெடையாது" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். போனவள்தான்.

கெங்கம்மாள் வீடு உனக்குத் தெரியும். நீ பார்த்து முகம் சுளித்தாயே, தீப்பெட்டி என்று, அதேதான். சிமெண்டுக் கல்லில் நாலு சுவர், தலை இடிக்கும் கூரை, ஒரே சன்னல், அதையும் பீரோவால் மறைத்திருக்கிறார்கள். அவளும் மகள் காவ்யாவும் மே மாதத்தில் அதற்குள் இருக்க முடியாமல் தெருவில் பாய் போட்டுப் படுப்பார்கள். ஆனால் மார்கழியில் உள்ளே போனால் கோழி அடைகாக்கும் கூடை மாதிரி அப்படியொரு கதகதப்பு. அந்த வீட்டுக்கு யாரும் வரைபடம் போடவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. குத்தம்பாக்கத்தில் நம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வைத்த பெரிய ஃப்ளெக்ஸைக் கேட்டு வாங்கித் தெருப்பக்கச் சுவரை உள்ளிருந்து மூடினேன். வடக்குச் சுவருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலிதான் கிடைத்தது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த குழந்தை "வருக வருக" என்கிறது, இன்னொரு பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட பெரியவர் காலமாகியிருக்கிறார். உன் அத்தை வந்து பார்த்தாள். "செத்தவரு மூஞ்சியப் பாத்துகினு எவ தூங்குவா?" என்று திரும்பிப் போய்விட்டாள். அந்தப் பெரியவர் முகத்தின் மேல் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைக்கலாம் என்று நான் பசை தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நீ பத்திரிகைப் புகைப்படக்காரரோடு வந்து இறங்கினாய். "மாமா, இது சுவருக்குச் செய்யற துரோகம்" என்று இரண்டையும் கிழித்தாய். என் சால்வை படத்தின் நிறத்தைக் கெடுக்கிறது என்று அதையும் உருவிக்கொண்டாய். பத்திரிகை வந்தது. "வெயிலை வென்ற வீடு" என்று போட்டு, வெறும் வேட்டியோடு நான் மலர்ந்த முகமாகச் சிரிப்பதாக எழுதியிருக்கிறார்கள். அது சிரிப்பு இல்லை மாப்பிள்ளை. பல் கிட்டிப்போயிருந்தது.

இனி நீ செய்ய வேண்டியது. துளைகளையும் கூரைக்குக் கீழே விட்ட வழியையும் அடைத்துப் பூச வேண்டும், அவ்வளவுதான். சுவர் கட்டிய அமல்ராஜ் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "சார், ஒங்க மருமவன் ஒவ்வொரு கல்லையும் கலைச்சி கலைச்சி கட்ட சொன்னாரு. அவரு வாயால சொல்லாம நான் ஒரு ஓட்டையைக்கூட தொட மாட்டேன்" என்கிறான். நான் குடியிருக்கும் வீட்டுக்கு உன் உத்தரவு வேண்டியிருக்கிறது. ஒரு போன் பண்ணிச் சொல்லுடா. எனக்கு வெயிலையும் ஜெயிக்க வேணாம், குளிரையும் ஜெயிக்க வேணாம். அந்த ஆஸ்பத்திரியில அவ முகத்துல அந்த மூடியை வெச்சிருந்தப்ப என் கையைத்தான் புடிச்சிக்கினு இருந்தா. இப்ப விடியக்காலையில முழிப்பு வந்தா, எதிர்வீட்ல அவளுக்கு இழுக்குதா இல்லையான்னு தெரியாம கதவையே பாத்துகினு உக்காந்திருக்கேன். வயசான காலத்துல பொண்டாட்டி தூங்கற சத்தம் பக்கத்துல கேக்கணும்னு நெனைக்கிறது கட்டடக் கலைக்கு விரோதமா?

நீயும் ஷர்மிளாவும் ஓட்டையில்லாத நான்கு சுவர்களுக்குள் நீண்ட காலம் ஒற்றுமையாக வாழ்க. என் தங்கைக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, நான் விசாரித்ததாகச் சொல். குளிரைப் பற்றிச் சொல்லாதே, ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் மாமன்
நாகப்பன்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் மேலே எழுதியதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது. கெங்கம்மாள் போட்ட சத்தத்தில் அமல்ராஜ் மிரண்டுபோய் வந்து, கூரைக்குக் கீழே விட்ட வழி உட்பட எல்லாத் துளைகளையும் அடைத்துப் பூசிவிட்டான். வீடு இப்போது கதகதப்பாக இருக்கிறது. உன் அத்தை வந்து சுவரைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றாள். விளக்கு வைத்ததும் தலையணையை எடுத்தாள். குளிர்தான் போய்விட்டதே என்றேன். "மொதல்ல குளிருக்குதான் போனேன். இப்ப குளிருக்கா போறேன்? அங்க படுத்துகினு ஊர்க்கதையெல்லாம் பேசறோம், சிரிக்கிறோம். இங்க ஒன்னாண்ட ஏதாவது சொன்னா பேப்பருக்குப் பின்னாலேர்ந்து 'உம்'னு ஒண்ணு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு இழுப்பு அடியோடு நின்றுவிட்டது. இங்கே சுவர் அடைத்தபிறகு தெருச்சத்தம் எதுவும் உள்ளே வருவதில்லை. துளை இருந்த நாளில் எதிர்வீட்டில் அவள் சிரிப்பது எனக்குக் கேட்கும். அவள் அப்படிச் சிரித்து இந்த வீட்டில் நான் கேட்டதில்லை. திரும்பத் திறக்க வேண்டுமென்றால் நீ சொல்லியே ஆக வேண்டும் என்கிறான் அமல்ராஜ். போன் பண்ணி, தெருப்பக்கச் சுவரை மட்டுமாவது பழையபடி ஆக்கச் சொல். குளிரை நான் பார்த்துக்கொள்கிறேன்.