பின்பக்க ஆட்டம் குறித்து மதுரை மாப்பிள்ளைக்கு

கோவில்பட்டி,
வெள்ளிக்கிழமை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை மாரிராஜுக்கு, உங்கள் அக்காள் புருஷன் கோபாலசாமி எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் தங்கச்சி உமாதேவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். உங்கள் அக்காள் வள்ளித்தாயும் சௌக்கியமாகத்தான் இருப்பாள், அதைத் தேடித்தானே அங்கே வந்திருக்கிறாள். என் சௌக்கியத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போனில் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். அவள் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாள். உங்களைக் கூப்பிட்டால் உமாதேவி எடுத்து, "அண்ணே, அவிய குளிச்சிக்கிட்டு இருக்காவ" என்கிறாள். காலையிலும் குளிக்கிறீர்கள், மத்தியானமும் குளிக்கிறீர்கள். ஆகவேதான் தபால்.

விஷயம் அம்பாசிடரைப் பற்றியது. உங்கள் அப்பா ஓட்டிய வண்டி. மதுரையில் உங்கள் தெருவில் நிறுத்த இடமில்லை என்று என் தலையில் கட்டினீர்கள், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாமா வைத்த பழக்கத்தைக்கூட மாற்றாமல் காப்பாற்றி வருகிறேன்: ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், வீட்டுக்காரி பின் சீட்டின் இடது ஓரம். ஐப்பசி மழை ஓய்ந்ததும் நாகலாபுரத்தில் நம் மக்காச்சோளம் எப்படி நிற்கிறது என்று பார்க்க இருவரும் போனோம். "ஈரம் காயல, தார் ரோட்டுலயே நிறுத்துங்க" என்றாள். கரிசல் எனக்குத் தெரியாததா என்று வண்டியை இறக்கினேன். பின் சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் புதைந்துவிட்டன. அடியில் சங்கிலி போட்டு டிராக்டரை வைத்து இழுத்துத்தான் கரை சேர்த்தோம். அன்று திரும்பும்போது ஆரம்பித்தாள். "ஏங்க, பின்னால என்னமோ ஆடுது. கட்டகட்டன்னு சத்தமும் வருது. கேக்கலியா?" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சக்கரத்தில் மண் ஒட்டியிருக்கும் என்று சொன்னேன். மண்ணைக் கழுவிய பிறகும் அதையே சொன்னாள்.

சரி, பெண்டாட்டி பேச்சைக் கேட்கவில்லை என்ற கெட்ட பெயர் வேண்டாம் என்று மெக்கானிக் வேல்ராஜிடம் கொண்டு போனேன். அவர் ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து ஆட்டிப் பார்த்து, லேசாக ஆட்டம் இருக்கிறது, பேரிங் என்றார். மாற்றினோம். எட்டயபுரம் ரோட்டில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். வண்டி அலுங்காமல் போனது. மறுநாள் இவளை ஏற்றினால், "இன்னும் ஆடுதுங்க" என்கிறாள். வேல்ராஜ் கோபித்துக்கொண்டு கையைக் கழுவிவிட்டார். அதற்குப் பிறகு இன்னொரு மெக்கானிக், சுடலைக்குமார் வந்தான். என்மேல் ரொம்பப் பிரியமான பையன், கையில் ஸ்பானர் இருந்தால் எதையாவது கழற்றாமல் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. எஞ்சினிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளக் குழாயின் மூட்டில் இருக்கும் கிராஸ் தேய்ந்திருக்கிறது என்று மாற்றினான். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் போட்டான். ஆக்சில் நடுவில் இருக்கும் உருண்டையைத் திறந்து, உள்ளே பல்லெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்று வருத்தத்தோடு மூடினான். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நாங்கள் இருவரும் முன் சீட்டில் ஏறி, கடம்பூர் வரை போய்ப் போளி தின்றுவிட்டு, ஒரு முனகல்கூட இல்லாமல் திரும்பி வந்தோம். அவள் ஏறினால் மட்டும் ஆடுகிறது. "ஏட்டி, எனக்குக் கேக்காதது ஒனக்கு மட்டும் எப்படிக் கேக்கும்?" என்றேன். "அப்ப நான் பொய்யா சொல்லுதேன்?" என்று அழுதாள். நான் என்ன செய்வேன் மாப்பிள்ளை?

சுடலைக்குமார் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னான். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. மதினி உக்காந்தாத்தான் வருதுன்னா அது வெயிட்டுனாலதான். அதே வெயிட்டை அங்கன வச்சு ஓட்டிப் பாத்துருவோம்." எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதே எடையை வைக்க, எடை எவ்வளவு என்று தெரிய வேண்டுமே? "ஒரு சோலி இருக்கு, வா" என்று அவளை மக்காச்சோளக் கமிஷன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குப் பார்த்துச் சோளம் போட வந்த சம்சாரிகள் கூட்டம் நெரிந்தது. அத்தனை பேர் முன்னால் சண்டை போட முடியாமல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தராசில் ஏறி நின்றாள். அந்தப் பாவி சுடலைக்குமார் மெதுவாகச் சொல்லக் கூடாதா? "அண்ணாச்சி, ஒரு மூட்டை காணாது! ரெண்டாவது மூட்டையில பாதி போடணும்!" என்று கடைக்கோடிவரை கேட்கக் கத்தினான். ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எந்தக் கோயிலுக்கும்மா நேந்திருக்க? துலாபாரத்துக்கு மக்காச்சோளமா குடுக்க?" என்று பக்தியோடு விசாரித்தார். கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூட்டைகளை அவள் இடத்தில் ஏற்றி எட்டயபுரம் வரை போய் வந்தோம். மூட்டைகள் வாயே திறக்கவில்லை! இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீட்டுக்கு வந்து, "வண்டியில ஒரு குறையும் இல்ல, எல்லாம் ஒன் பிரமை" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டே, "நல்லதுங்க. அந்த மூட்டையவே வச்சுக் குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது வீட்டில் நானும், காரில் மூட்டைகளுமாக இருக்கிறோம். மிக்சி மூடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ரசம் என்று ஒன்று வைத்தேன், அதை ஊற்றிய இடத்தில் செடி பட்டுப்போய்விட்டது. பக்கத்து வீட்டு பேபி அக்கா, "வள்ளி கார்லயா போனா?" என்று கேட்டார்கள். பஸ்ஸில் என்றேன். "அதானே, கார்லதான் பின்னால ஆடுமே" என்கிறார்கள். ஊரே அவள் பக்கம். தீப்பெட்டி ஆபீசில் அத்தனை பேரைக் கட்டி மேய்த்த மேனேஜர் நான், இன்றைக்குச் சாயங்காலம் டீ போட்டுக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு தம்ளரோடு நின்றேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை.

ஆகவே நீங்கள்தான் அக்காளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். இரண்டு மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்த்து, சோளமும் சாட்சி சொன்ன பிறகு, அது பிரமைதான் என்று அவள் ஒப்புக்கொண்டால் போதும். எழுதித் தரச் சொல்லவில்லை, வாயால் சொன்னால் போதும். நடந்ததை நானும் பெருந்தன்மையோடு மறந்துவிடுவேன். பிள்ளைகள் இருவரும் கழுகுமலை முருகன் அருளால் நன்றாகப் படித்து, கார் வாங்கும் எண்ணமே வராமல், நீடூழி வாழட்டும். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள். உங்களுக்கு, கொஞ்சம் குறைவாகக் குளிக்கும்படி என் அன்பான வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஒரு குற்றமும் செய்யாத உங்கள் அத்தான்,
கோபாலசாமி.

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். தபால்பெட்டி வரை கொண்டுபோய் விடுவதாகச் சுடலைக்குமார் வந்தான். முன் சீட்டில் அவனுடைய ஜாக்கியும் ஆயில் டப்பாக்களும் கிடந்தன. வேறு வழியில்லாமல் மூட்டைகளை வலப்பக்கம் தள்ளிவிட்டுப் பின் சீட்டில் இடது ஓரம் உட்கார்ந்தேன். இந்த வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. மெயின் ரோடு ஏறியதும் எனக்குக் கீழே என்னமோ நகர்ந்தது. கட்டகட்டவென்று இடுப்பில் ஆரம்பித்து, முதுகில் ஏறி, என் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. "ஏலே, நிறுத்துலே! பின்னால ஆடுது, கேக்கலியா?" என்று கத்தினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒண்ணுமில்லையே அண்ணாச்சி, ஒங்களுக்குப் பிரமை" என்றான்.

பிறகு அவனைப் பின்னால் உட்கார வைத்து நான் ஓட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவன் அலறினான். அடியில் படுத்துப் பார்த்தால், டிராக்டர் சங்கிலி இழுத்த இழுப்பில், ஆக்சிலை இடப்பக்க ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டு நெகிழ்ந்து கிடக்கிறது. அவள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே. வண்டி நின்றதும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள், மாப்பிள்ளை. வயசு ஆகிறது என்று நினைத்தேன்.

மேலே எழுதியதை அவளிடம் காட்ட வேண்டாம். சுடலைக்குமார் போல்ட்டை மாற்ற ஸ்பானரை எடுத்தான், நான் தடுத்துவிட்டேன். அவள் வந்து, முன் சீட்டில் ஏறி, பின்னால் ஆடிக்கொண்டிருக்கிற என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒண்ணுமில்லையே" என்று ஒரு தடவை சொல்லட்டும். அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.