நாலாவது பிளக்கு

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். என் காரை நானே கெடுத்துவிட்டு, அந்தப் பழியைக் கவரைப்பேட்டை மெக்கானிக் ஒருவர் மேல் போட்டேன். சும்மா ஒரு மெக்கானிக் இல்லை. கும்மிடிப்பூண்டி வரை ‘நாலாவது பிளக்கு’ என்று எல்லோரும் கூப்பிட்ட மனிதர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

பெயர்க் காரணம் எளிது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் எங்கள் பக்கம் நிறைய ஓடிய ஒரு காரில் நான்கு ஸ்பார்க் பிளக்குகள். என்னிடமும் அதே கார்தான். மூன்று பிளக்குகளைக் குழந்தைகூடக் கழற்றும். நாலாவது, முன்கண்ணாடிக்கு அடியில், பைப்புகளுக்கும் ஒயர்களுக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். மற்றவர்கள் மூன்றை மாற்றிவிட்டு, “நாலாவது நல்லாத்தான் கீது” என்று பானெட்டை மூடிவிடுவார்கள். இவர் நாலாவதைத்தான் முதலில் கழற்றுவார்.

அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். தலையையும் இரண்டு கைகளையும் எஞ்சினுக்குள் விட்டுத் தலைகீழாகத் தொங்குவார். கால்கள் வானத்தில். அந்த ஊரில் அவர் முகத்தைப் பார்த்தவர்களைவிட உள்ளங்காலைப் பார்த்தவர்களே அதிகம். பஸ் கண்டக்டர்கள் காலுக்கே வணக்கம் வைப்பார்கள். கட்டைவிரல் பதில் சொல்லும். இத்தனையும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

“டார்ச் அடிக்கட்டுமா?” என்று முதல் முறை கேட்டேன்.

“லைட்டு இன்னாத்துக்கு சார்? கண்ணு போற எடமா அது? வெரலுதான் பாக்கணும். கம்முனு குந்து.”

திரும்ப மாட்டும்போது முதலில் ஸ்பானரைத் தொடவே மாட்டார். பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் பெட்ரோல் டியூபைச் செருகி, விரலால் உருட்டி உருட்டி இறக்குவார். “கோணையாப் போனா டியூபு வழுக்கிக்கும். ஸ்பானருக்கு வெக்கம் மானம் கெடையாது சார். எப்படிப் போட்டாலும் திருகிக்கினே போவும்.”

கேட்டுக்கொண்டேன். ஆனாலும் படித்த திமிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரோடு வந்த கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நானே இறங்கினேன். நாலாவதை ஸ்பானர் போட்டே திருகினேன். கோணலாக ஏறிப் பாதியில் இறுகிக்கொண்டது. பலம்கொண்ட மட்டும் அழுத்தித் திருகி உள்ளே இறக்கிவிட்டேன். மறுநாள் ஒன்றும் தெரியாதவன்போல வண்டியை இவரிடம் விட்டேன். வழக்கம்போலத் தொங்கினார். பிளக் வெளியே வந்தது. கூடவே துளைக்குள் பிளக்கைப் பிடித்திருந்த திருகு மரையும் தூள்தூளாக வந்தது. நான் வேலை பார்த்த கம்பெனியின் வண்டிகளும் இவரிடம்தான் வரும்; அவற்றைக் கவனிக்கும் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றிருந்தார்.

“நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?” என்றேன். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

கம்பெனி வண்டிகள் அவரிடம் போவது நின்றது. அதைவிடக் கொடுமை, அவர் தன் கையைத் தானே நம்பாமல் போனார். நாலாவது பிளக் என்று யார் வந்தாலும், “கை செரியில்ல நைனா, பொன்னேரி பக்கம் போ” என்று அனுப்பிவிட்டு பஞ்சர் ஒட்டினார். பக்கத்தில் நாஷ்டா கடை வைத்திருந்த அவர் மனைவி ஒரு நாள் என்னிடம், “துன்றதுகூட இல்ல சார். கையவே பாத்துக்கினு குந்திக்கீறாரு” என்றார்.

அன்றே சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். மாலையில் மெக்கானிக்கின் முன்னால் போய் நின்றும் சொன்னேன். அடிப்பார் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

“அப்போ என் கை இல்லியா?”

“இல்ல. நான்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

கடைப்பக்கம் திரும்பிக் கத்தினார். “ஏம்மே! நம்ம கை இல்லியாம்! இந்த சோடாபுட்டிதான் நாசம் பண்ணிக்கீறாரு!”

பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தார். திட்டும்போது ஒரு மனிதரின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியதும், காற்றடிக்க வந்து நின்ற ஒரு காரின் பானெட்டைத் திறந்து தலைகீழாகப் பாய்ந்தார். “எனக்குக் காத்து மட்டும் போதும்பா” என்று அந்தக் கார்க்காரர் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை.

கம்பெனி வண்டிகள் திரும்பி வந்தன. எனக்குத்தான் தண்டனை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புது கஸ்டமர் ஒருவரை இழுத்து வந்து நிறுத்துவார். “சார், நீ இன்னா பண்ணே, சொல்லு.” முதலிலிருந்து சொல்ல வேண்டும். எதையாவது விழுங்கினால், “புக்கைப் பாத்து பண்ணதை வுட்டுட்டியே” என்று எடுத்துக் கொடுப்பார்.

ரிடையராகி மணவாள நகருக்கு வந்ததும் காரை விற்றுவிட்டேன். கவரைப்பேட்டையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அவ்வப்போது பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி அங்கே போய் இறங்குவேன். அவர் யாரையாவது பிடித்து நிறுத்துவார். நான் சொல்லிவிட்டு வருவேன்.