ஏரம்பரின் சதுர்த்தி எலி

வெற்றிலை பாக்கு வைக்கிற ஓலைக் கொட்டைப்பெட்டிக்குள் வெள்ளெலியை வைத்து மடியில் செருகிக்கொண்டு நிற்பது லேசான வேலையில்லை. ஏரம்பர் நெளிந்தார்.

"என்னண்ணை, வயித்துக்குத்தோ?" என்றாள் கருவியை இயக்கும் மக்டலீன்.

"சதுர்த்தி விரதம் பிள்ளை. வெறுவயிறு."

விரதம் உண்மைதான். யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் ஒன்றில் எலிக்கூடு பார்க்கிற ஏரம்பர், பிள்ளையாருக்கு விரதமிருந்துகொண்டே அவருடைய வாகனத்தைக் கத்திக்குக் கொடுப்பாரா? பழைய பேராசிரியர் காலத்தில் வயிற்றுக்குள் கட்டி வந்த எலிகளெல்லாம் கடைசியில் வெட்டுப்பலகைக்குத்தான் போயின. போன மாதம் லண்டனில் படித்துவிட்டு வந்த தில்லைநாதன் ஐயாவும் அப்படியோர் எலிக்கு நேற்று ஊசி போட்டுவிட்டு ஏரம்பருக்கு விளக்கினார்.

"பிறபொருளெதிரி எண்டு ஒண்டு, ஏரம்பு. உடம்பு நோயோடை சண்டைபிடிக்க வைச்சிருக்கிற சாமான். அதின்ரை துண்டிலை கதிர்வீச்சைக் கொளுவி விட்டிருக்கிறன். போய்க் கட்டியிலை ஒட்டும். நாளைக்குக் கருவி இடத்தைக் காட்டும்."

ஏரம்பருக்கு விளங்கியது ஒன்றுதான். இடம் தெரிந்தால் வெட்டுவது சுலபம்.

ஆகவே விடிய வந்து, நோய் வருத்தம் ஒன்றுமில்லாத இன்னோர் எலியின் வாலில், ஐயா அடையாளத்துக்குப் பூசியிருந்த அதே நீல மையைப் பூசி அந்தக் கூட்டில் விட்டார். ஊசி போட்ட எலியைப் பின்னேரம் ஊர்ப் பிள்ளையார் கோயிலடியில் விடுவதாக நேர்ந்துகொண்டார்.

கூட்டிலிருந்த எலிக்கு மயக்கமருந்து கொடுத்துக் கிடத்தினார்கள். கருவி அதற்கு மேலாக ஊர்ந்து, கதிர்வீச்சுள்ள இடத்தில் தாளில் புள்ளி குத்தவேண்டும். ஊர்ந்தது. ஒரு புள்ளிகூட விழவில்லை.

ஐயாவின் முகம் செத்துப்போயிற்று. "மருந்து பழுதோ? நிண்டுபோன ரயில் இனி ஓடினாத்தானே அடுத்த மருந்து வரும்."

கதிர்வீச்சுக்குச் சத்தம்போடும் சின்னப் பெட்டியை எடுத்து எலியிடம் பிடித்தார். பெட்டியில் மூச்சில்லை. தன்னிடம், மக்டலீனிடம் பிடித்தார். அதற்கும் மூச்சில்லை. ஏரம்பர் பக்கம் திருப்பியதும் தாளிச்ச கடுகு மாதிரி வெடித்தது.

"ஏரம்பு, மருந்து உம்மிலை பட்டிட்டுது. வேட்டியைக் கழட்டும்."

"விரத நாளிலையோ ஐயா?"

"பகிடியில்லை. கழட்டிக் கழுவவேணும்."

"பிள்ளை நிக்குது ஐயா."

"நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றாள் மக்டலீன்.

ஏரம்பர் பின்வாங்கினார். பெட்டி துரத்தியது. மேசையைச் சுற்றி ஓடியதில் மடியிலிருந்த எலி விழித்துக்கொண்டு அவர் அடிவயிற்றைப் பிறாண்டத் தொடங்கியது. "பெட்டிதான் பழுதாக்கும்" என்று முனகினார்.

ஐயா களைத்துப்போனார். "சரி, போய்க் கழுவிப்போட்டு வாரும். மக்டலீன், கத்தியை எடும். படம் விழேல்லை. வெட்டித்தான் பாக்கவேணும்."

ஏரம்பர் போகவில்லை. மேசையில் கிடப்பது ஒரு பாவமும் அறியாத எலி. அதன் வாலில் இருப்பது அவர் பூசிய மை. ஒன்றைக் காப்பாற்றப்போய் மற்றதை அல்லவா பலிகொடுக்கப் போகிறார். மடியிலிருந்து கொட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு மீசைமயிர் எட்டிப்பார்த்தன.

"வெட்டாதேங்கோ ஐயா. கட்டி எலி இதுதான். மாத்தினது நான். வேலையாலை நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ, ரெண்டையும் விட்டிடுங்கோ."

ஐயா கதிரையில் சாய்ந்துவிட்டார். மக்டலீன்தான் எலிகளை மாற்றி, மயக்கமருந்து கொடுத்துக் கிடத்தினாள். கருவி ஊர்ந்தது. வயிற்றின் நடுவில் புள்ளிகள் மளமளவென்று விழுந்தன.

ஏரம்பர் கண்ணை மூடிக்கொண்டார். "இடம் தெரிஞ்சிட்டுது. இனிக் கத்திதானே?"

"ஆருக்கண்ணை கத்தி?" என்றாள் மக்டலீன். "வெட்டாமலே கட்டியைப் பாக்கத்தானே ஐயா உந்த வித்தையைப் படிச்சுக்கொண்டு வந்தவர். இண்டைக்கு அவரைக் கத்தி கேக்க வைச்சது நீங்கள்தான்."