தறிக்குழியும் பத்துக் கட்டிலும்

ஆரணியில் கோபப்படத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்றவர்களெல்லாம் வீட்டோடு சேர்த்துக் கோபத்தையும் வாடகைக்கு விட்டுவிட்டோம்.

அவருடைய உண்மைப் பெயர் எங்கள் நெசவாளர் தெருவில் யாருக்கும் நினைவில்லை. வாயைத் திறந்தாலே 'பேஜாரு' என்பார், அதுவே பெயராகிவிட்டது. மழை பெய்தால் பேஜார், பெய்யாவிட்டால் பெரிய பேஜார். அவர் மகள் பள்ளியில் முதலாவதாக வந்த அன்று நான் கை கொடுக்கப் போனேன். "இன்னா பேஜாருப்பா, இனிமே தெருவே வந்து ஸ்வீட் கேக்கும்" என்று கதவைச் சாத்தினார். பத்து நிமிஷத்தில் அவரே வீடு வீடாக மைசூர்பாகு கொடுத்துக்கொண்டு போனார், திட்டிக்கொண்டேதான்.

எனக்கும் என் அண்ணனுக்கும் பொதுவான வீட்டின் முன்பகுதியில் அவர் இருபது வருஷமாகக் குடியிருந்தார். கூடத்தில் குழி வெட்டித் தறி போட்டிருந்தார். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், கை ஒரு பக்கம் நெய்ய, வாய் ஒரு பக்கம் ஊரை வைதுகொண்டிருக்கும்.

அப்போதுதான் ஊர்க்கோடியில் இருந்த தனியார் கல்லூரி பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மாடி மேல் மாடி கட்டினார்கள். வாசலில் வளைவு கட்டினார்கள், வளைவுக்கு விளக்குப் போட்டார்கள். சேர்த்த பிள்ளைகள் படுக்க இடம் மட்டும் கட்டவில்லை. அதை எங்கள் தெரு பார்த்துக்கொண்டது. ஒருவர் மாட்டை விற்றுவிட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடித்து ஆறு மாணவர்களைக் கட்டினார். இன்னொருவர் சாமியை அலமாரிக்கு அனுப்பிவிட்டுப் பூஜையறையில் இரண்டு பேரைக் குடிவைத்தார். தறி போட்டுக் குடியிருந்த குடும்பங்களை 'ரிப்பேர் வேலை இருக்கு' என்று சொல்லியே கிளப்பினார்கள். ரிப்பேர் என்றால் நாலு பிளைவுட் தடுப்பு. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் பாதிக் கோபம் என் மேல். எங்கள் பின்கட்டில் அண்ணன் பத்துக் கட்டில் போட்டபோது கூட நின்று இறக்கியவன் நான்தான். பத்துக் கட்டிலுக்கும் ஒரே ஒரு குளியலறை.

எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். புடவைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சரிசெய்கிற வேலை. அந்த நேரம் தெருவில் யார் இருந்தாலும் ஒரு கை பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். மாணவர்களின் பைக்குகள் தெருவை அடைத்ததும், பேஜார் ஒரு விடியலில் பூட்டாத ஆறு பைக்குகளைத் தள்ளிக்கொண்டு போனார். எதிர்வரிசையில் அண்ணன் குடியிருந்த வீட்டின் கதவு பால்காரருக்காகத் திறந்திருந்தது. ஆறையும் ஹாலில் நிறுத்திவிட்டார். எழுந்து வந்த அண்ணனுக்குக் கழிவறைக்குப் போக வழியில்லை.

"இன்னாங்க இது, வீடா வொர்க்‌ஷாப்பா?"

"உங்க ஆளுங்க வண்டி, உங்க வூட்ல நிக்குது. பட்டுல ஆயில் பட்டா நீங்களா வந்து நெய்வீங்க?"

வண்டியைத் தேடி வந்த மாணவர்களையும் விடவில்லை. "இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கிறீங்க? புடிங்கய்யா பாவை!" பிடித்தார்கள். மறுநாள் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு அவர்களாகவே வந்தார்கள். "இஞ்சினீயருக்குப் படிக்கிறான், ஒரு முடிச்சு போடத் தெர்ல" என்று அவர்களை வைவதில் அவருக்குப் பத்து வயது குறைந்தது.

அண்ணன் சும்மா இருப்பாரா? "முன்பக்கமும் வேணும். மாசக் கடைசில காலி பண்ணிடுங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேஜார் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் அவர் 'பேஜாரு' என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை பேஜார் பின்கட்டு மாணவர்கள் பத்துப் பேரையும் தோளில் துண்டு, வாயில் பிரஷ், கையில் வாளியோடு பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனார். சேதி கேட்டு நானும் ஓடினேன். வளைவுக்கு அடியில் காவலாளி மறித்து ஐடி கார்டு கேட்டார்.

"குளிக்கப் போறவன் கழுத்துல கார்டு மாட்டிகினா வருவான்? எத்தினி பேரைச் சேத்தீங்களோ, அத்தினி பேருக்கும் குளிக்க இடம் காட்டுங்க."

கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் இறங்கி வந்தார். "நீங்க யார் சார், பேரன்ட்டா?"

"நானா? நீங்க கட்டாத ஆஸ்டலுக்காக வூட்ட வுட்டுப் போறவன்."

அதிகாரி வாளிகளை எண்ணிக்கொண்டே செல்போனை எடுத்தார். உடனே கமிட்டி போட்டார்கள். விடுதி இன்னும் வரவில்லை, கமிட்டி இருக்கிறது. கமிட்டிக்கு ஏசி அறைகூட இருக்கிறது.

மானம் போய்விட்டதென்று அண்ணன் மாசக் கடைசி வரை பொறுக்கவில்லை. களம்பூர்ப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு பேஜார் கிளம்பினார். வசவு வாங்கிக்கொண்டே மாணவர்கள் தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். கடைசியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தார். "எல்லாத்தியும் ஏத்தியாச்சி. குழிய மட்டும் ஏத்த முடில, இன்னா பேஜாரு" என்றார்.

அந்தக் குழியில் கல்லும் மண்ணும் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டி, இன்னும் நாலு கட்டில் போட்டோம். போன மழையில் சரியாக அந்த இடம் மட்டும் உள்வாங்கியது. பிள்ளைகள் கட்டிலை நகர்த்திக்கொண்டார்கள். "கொத்தனாரைக் கூப்புடு" என்றார் அண்ணன்.

"கூப்புட மாட்டேன்" என்றேன். அண்ணனிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "அப்படியே கெடக்கட்டும். அவரு வந்தா காலைத் தொங்கவுட்டு உக்காந்துகினு நம்பளத் திட்டறதுக்கு எடம் வேணும்."