வந்தனாவைத் தூக்க வேண்டிய தோள்

மாட்டுங்கா,
திங்கட்கிழமை

அன்புள்ள அத்திம்பேருக்கு,

கிட்டு அநேக நமஸ்காரம். சாஷ்டாங்கமாக விழத்தான் ஆசை. விழுந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும் என்பதால், விழுந்ததாகவே வைத்துக்கொள்ளவும். திலக் நகரில் தாங்கள், அக்கா, குழந்தை வந்தனா எல்லாரும் சௌக்கியம்தானே? இங்கே கீதா சௌக்கியம். நான் இல்லை. ஃபோனில் சொல்லியிருப்பேன், உங்கள் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கும், அக்கா கேட்டுவிடுவாள்.

விஷயம் இதுதான். வந்தனாவின் கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது அவளைத் தோளில் தூக்க என்னால் முடியாது. அக்காவை எங்கள் மாமா ஒற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, உங்கள் மாலை எட்டாதபடி பின்னால் பின்னால் போய் உங்களை அலையவிட்டாரே, அந்த வம்சத்தில் வந்தவன் நான். வந்தனாவுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன். ஆனால் மூன்று மாதமாக என் வலது தோள் உறைந்துபோய்விட்டது. கை, காது உயரத்துக்கு மேல் போவதில்லை. ஆவணி அவிட்டத்தன்று பூணூலைப் போடக் கீதா உதவிக்கு வர வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிசியோதெரபிக்குப் போனேன். சாயிமா என்று தாராவிப் பெண். சுவரில் தோலுரித்த மனிதன் படம் ஒன்றை மாட்டிவைத்துப் பாடமே நடத்தினாள். "அங்கிள், தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முன்கைய மடக்குறது பைசெப்ஸ், நீட்டுறது ட்ரைசெப்ஸ். ஒண்ணு சுருங்குனா இன்னொண்ணு விட்டுக்குடுக்கணும். உங்களுக்கு ரெண்டும் சேந்து இழுக்கு, சம்ஜே க்யா?" என்றாள். சம்ஜே. புரியாமல் என்ன, முப்பத்தைந்து வருஷமாக வீட்டில் நானும் கீதாவும் அப்படித்தான். கையைப் பக்கவாட்டில் தூக்குவது தோளின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் டெல்டாயிட் என்றாள். அன்று சாயங்காலமே டெல்டாயிட் வலித்தது. கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்குவது ட்ரபீசியஸ் என்றாள். திரும்பிப் பார்க்க முடியவில்லை. தொடையின் பின்பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங்கை விரலால் காட்டினாள், அவ்வளவுதான், மாடிப்படி ஏறும்போது பிடித்துக்கொண்டது. பெயர் தெரியாத தசைகள் மட்டும்தான் இப்போது என்னிடம் சமாதானமாக இருக்கின்றன. உடம்பில் மொத்தம் அறுநூறுக்கு மேல் இருக்கிறதாம். மீதியைச் சொல்லாதே தாயே என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அத்தோடு விட்டேனா? ஒத்திகை பார்க்கலாம் என்று நேற்று இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை இடது தோளில் ஏற்றினேன். ஏறிவிட்டது. இறக்கத் தெரியவில்லை. குனிந்தால் முதுகு பிடிக்கிறது, சாய்ந்தால் இடுப்பு பிடிக்கிறது. கீதா கோவிலுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வரும்வரை முக்கால் மணி நேரம் அடுக்களையில் மூட்டையும் கையுமாக நின்றேன். அவள் பார்த்துவிட்டு, "வந்தனா இதப்போல ரெண்டு மடங்கு இருப்பா, தெரியுமோன்னோ?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது அத்திம்பேர். அந்தக் குழந்தையைக் கணபதி விசர்ஜனக் கூட்டத்தில் இதே தோளில்தான் சுமந்தேன்.

ஆகவே உங்கள் பக்கத்தில் யாராவது திடகாத்திரமானவரைப் பார்த்துவைக்கவும். அக்காவிடம் நானே ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்லவும். எல்லாரும் நீண்ட ஆயுளோடும், முக்கியமாக மடங்கி நீளும் மூட்டுகளோடும் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
கிட்டு

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் வந்தனா வந்தாள். கீதா எல்லாவற்றையும் முதல் நாளே அக்காவிடம் சொல்லிவிட்டாளாம். "டென்ஷன் மத் லோ மாமா, கவலையே படாதீங்கோ. ஈவென்ட்காரா ரெண்டு பவுன்சர் அனுப்பறா, ஜிம் பாடி. அவா தூக்கிப்பா. நீங்க ஆராம்ஸே உக்காந்து பாருங்கோ" என்றாள். என் மருமாளை முகம் தெரியாத தடியன் தூக்குவதா? "நான் செத்தா போய்விட்டேன்?" என்று கத்தினேன். கீதா வாயைப் பொத்திக்கொண்டு என் கையைக் காட்டினாள். வலது கை தலைக்கு மேல் நேராக நின்றுகொண்டிருந்தது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். வந்தனாவை நான்தான் தூக்குவேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், இது இடது கை. வலது கை இன்னும் மேலேதான் இருக்கிறது. இறக்கப் பயமாக இருக்கிறது.